சில சிறு திருத்தங்கள்

கைபேசியில் 'சில சிறு திருத்தங்கள் செய்யப்பட்டுள்ளன' என்று வரும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னத்தைத் திருத்தினீர்கள், சொல்லித் தொலையுங்களேன்! அந்தக் கோபம் அடங்கினால் பின்னாலேயே வெட்கம் வந்துவிடும். அது நாட்டில் சண்டை நடந்த காலத்து வெட்கம்.

அப்போது என் கணவர் கட்டாரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். இறக்கக்கண்டியில் எங்கள் வீட்டில் போன் இல்லை. கடிதம் எழுதுகிற பழக்கம் அவருக்கு இல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி, சோதனைச்சாவடிகளில் இறங்கி நடந்து, துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த, காசு கட்டி வெளிநாட்டுக்குப் போன் எடுக்கிற கொமினிகேசன் கடைக்குப் போய்த்தான் அவரோடு கதைப்பேன். கண்ணாடிக் கூண்டுதான், ஆனால் வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கு எல்லாம் கேட்கும். அவரோ வாய் திறக்க நேரம் எடுக்கிற மனுசன். ஆடு, கோழி, மழை எல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் விசயத்துக்கு வருவார்.

ஒரு ஞாயிறு, "இஞ்சேரும், ஒரு விசயம் சொல்லவேணும்" என்றார். உடனே லைன் அறுந்தது. திரும்ப எடுத்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கடையில் நின்ற பிள்ளை கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இஞ்ச பிழையில்லை அக்கா. அங்கால வச்சிட்டார் போல" என்றாள். வரிசை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது.

அடுத்த ஞாயிறும் அதே கதை. அவர் விசயத்துக்கு வருகிற நேரம் லைன் இல்லை. பின்னால் நின்ற ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அவருக்கு அங்கே வேறு ஒருத்தி இருக்கிறாள் என்று ஊர் கதைக்கப்போகிறது என்று பயந்தேன். உண்மையில் நானே அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாவது ஞாயிறு, அவர் "இஞ்சேரும்" என்று தொடங்கியதுமே நான் போனை வைத்தேன். வரிசைக்குக் கேட்கட்டும் என்று ஓங்கி வைத்தேன். அதற்குப் பிறகு கடைப்பக்கமே போகவில்லை.

சில மாதங்கள் கழித்து அவர் வந்தார். வாசலில் பையை இடது கையால் இறக்கினார். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. மெசினுக்குள் அகப்பட்டதாம்.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொல்ல வெளிக்கிட நீர் போனை வச்சிடுவீர். ஆரோ சொல்லி உமக்கு விரல் போனது தெரிஞ்சுபோட்டுது, அதுதான் என்னை வெறுத்திட்டீர் எண்டு நினைச்சன்."

"நானோ? நீங்களெல்லோ வச்சது!"

நியாயம் கேட்க அவரையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி தலையைச் சொறிந்தார்.

"போன் கோல் கணக்குப் பார்க்கிற புரோகிராமுக்குக் கொழும்பில இருந்து புது சீடி அனுப்பினவங்கள், தங்கச்சி. பத்து நிமிசத்தில அது தானா லைனை வெட்டுமெண்டு எங்களுக்கும் பிறகுதான் தெரியும்."

சீடியோடு வந்த துண்டுக் காகிதத்தையும் எடுத்துக் காட்டினார். அதில் இருந்தது ஒரே ஒரு வரி: சில சிறு திருத்தங்கள் செய்யப்பட்டுள்ளன.

பஸ்சுக்கு நடக்கும்போது அவர் முகம் தெளிந்திருந்தது. பாரம் இறங்கிய மனுசன் மாதிரி நடந்தார்.

"அப்ப மூண்டு தரமும் லைனை வெட்டினது மெசின்தானே?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

நேற்றும் அவருடைய போனில் அந்த வரி வந்தது. மிஞ்சிய விரலால் சரியென்று அழுத்திவிட்டு, "என்னத்தைத் திருத்தினவங்களாம்?" என்று என்னிடம் கேட்டார்.

"பெரிசா ஒண்டுமில்லை" என்றேன்.