எங்கம்மா நேத்து மூணு வாட்டி செத்துட்டாங்க

பள்ளியிலிருந்து போன் வந்தபோது நான் மூன்று தலை நாயோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். காலை பதினொரு மணி. எல்.கே.ஜி. படிக்கும் மகளைக் கொண்டுபோய் விட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

"கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுமா மேடம்? பயப்படாதீங்க, குழந்தை நல்லா இருக்கா" என்றார் வகுப்பு மிஸ்.

பயப்படாதீர்கள் என்று யாராவது சொன்னால்தான் எனக்கு உடனே பயம் வரும். கண்ட்ரோலரை சோஃபாவில் போட்டேன். ஆட்டத்தை நிறுத்திவைக்கக்கூடத் தோன்றவில்லை. கேஸ் மூடியிருக்கிறதா என்று இருமுறை பார்த்துவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, கோவில்பதாகையில் எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான இரண்டு தெருக்களை ஓட்டமும் நடையுமாகக் கடந்தேன். காய்ச்சலா, விழுந்துவிட்டாளா, தலையில் பேன் கண்டார்களா? காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேனே, சரியாகப் பார்த்தேனா?

அந்த ஆட்டம் யாரோ நாலைந்து பேர் சேர்ந்து செய்த சின்ன வீடியோ கேம். கிரேக்கப் புராணத்தில், இறந்தவர்களை ஆற்றைக் கடத்திவிட ஒரு படகோட்டி உண்டு. ஆட்டத்தில் அவருக்கு ஒரு மகள். பாதாளத்திலிருந்து மேலேறி ஒருமுறையாவது வெயிலைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவளாக விளையாடும் எனக்கு ஆயுதம் என்று இருப்பது ஒரு துடுப்புதான். வழியெங்கும் எலும்புக்கூடுகள், கல் மனிதர்கள், கடைசி வாசலில் அந்த நாய். எங்கே செத்து விழுந்தாலும் ஆறு அவளை அடித்துக்கொண்டு வந்து அப்பாவின் படகருகே சேர்த்துவிடும். அவர் ஒவ்வொரு முறையும் வேறு ஏதாவது சொல்வார். "முதலில் தலையைத் துவட்டு." "இன்று நாய்வரை போயிருக்கிறாய் போல." ஒருநாளும் திட்டியதில்லை.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் என் கணவர் அதை வாங்கிப் போட்டார். விளையாட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. குழந்தை இருக்கும் வீட்டில் வைத்திருக்கக்கூடியதா என்று சோதித்துப் பார்க்கத்தான் நான் முதலில் அதைத் திறந்தேன். நான்கு மாதமாகியும் சோதனை முடியவில்லை.

அதில் என்ன இருக்கிறது என்று நானே யோசித்திருக்கிறேன். இன்ஜினியரிங் படித்தவள், பிரசவத்துக்குப் பிறகு வேலையை விட்டவள். வீட்டில் நான் செய்யும் எதுவும் சரியா தவறா என்று உடனே தெரிவதில்லை. மகள் இருமினால் நேற்றுக் கொடுத்த தயிரோ என்று தோன்றும். தயிரை நிறுத்தினால், நிறுத்தியது தப்போ என்று தோன்றும். ஆட்டத்தில் அப்படி இல்லை. நாயின் இடது தலை குனிந்தபோது நான் வலது பக்கம் குதித்திருக்க வேண்டும், குதிக்கவில்லை, செத்தேன். அவ்வளவுதான். தலை துவட்டிக்கொண்டு மறுபடி கிளம்பலாம்.

சாயங்காலம் பால் குடிக்கும் அரை மணி நேரம் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். ரத்தம் காட்டாத ஆட்டம்தான். நாய்க்கு பிஸ்கட் கொடுத்தால் எந்த வாய் முதலில் தின்னும் என்பதுதான் அவள் கவலை. நான் "ஐயோ, செத்துட்டேன்" என்பேன். அவள் டம்ளருக்குள்ளிருந்தே "வீட்டுக்கு வந்தாச்சா?" என்பாள்.

பள்ளியில் மிஸ் என்னை உட்கார வைத்து, கதவை லேசாகச் சாத்தினார். வாசலருகே ஆயாம்மா துடைப்பத்தோடு நின்றுவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நேத்து புதுசா சேர்ந்த குழந்தை ஒண்ணு அம்மா வேணும்னு அழுதுது. உங்க பொண்ணு அதுகிட்டப் போய், 'எங்கம்மா நேத்து மூணு வாட்டி செத்துட்டாங்க, அப்புறம் வீட்டுக்கு வந்துட்டாங்க, உங்கம்மாவும் வந்துடுவாங்க'ன்னு சொல்லியிருக்கா. அந்தக் குழந்தை ராத்திரியெல்லாம் அழுதுதாம். அவங்க அம்மா போன் பண்ணாங்க."

மிஸ் குரலைத் தாழ்த்தினார். "வீட்ல ஏதாவது பிரச்சனையா? கோபத்துல, செத்துடுவேன் கித்துடுவேன்னு நீங்க ஏதாவது..."

"எதுனாலும் சொல்லும்மா" என்றார் ஆயாம்மா. "மன்சுல வச்சிகினு இருக்காத. நாங்க கீறோம்ல."

"ஐயோ, இல்லைங்க மிஸ். அது வீடியோ கேம்."

"குழந்தை விளையாடுறாளா?"

"இல்ல. நான்."

படகோட்டி, துடுப்பு, நாய் என்று நான் உளறிக்கொண்டிருந்தபோது, பென்சில் சீவக் கிளம்பிய என் மகள் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தாள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா! இன்னிக்கு எத்தனை வாட்டி செத்த?"

"அய்ய, இன்னா பேச்சு பேசுது பாரு!" என்று ஆயாம்மா வாயில் அடித்துக்கொண்டார். மிஸ் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் வந்தது.

"ஜூன்ல இவ எப்படி அழுதா, நினைவிருக்கா மேடம்?" என்றார் மிஸ்.

"என் பொடவையவே புடிச்சி இழுத்து கீச்சிட்ச்சே" என்றார் ஆயாம்மா. "இப்ப ரெண்டு வாரமா, சிரிச்சிகினே உள்ள பூடுது."

அதை நான் கவனித்திருக்கவில்லை. தினமும் அவளை விட்டுவிட்டு, அழுகுரல் கேட்கிறதா என்று பள்ளி கேட்டுக்கு எதிரே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் நின்று காது கொடுப்பேன். கேட்காவிட்டால், உள்ளே தனியாக விசும்புகிறாளோ என்று நினைத்துக்கொண்டே திரும்புவேன். அவள் அழுகையை நிறுத்தியது அந்த ஆட்டத்தால்தானா என்று எனக்குத் தெரியாது. நாளாக ஆகப் பழகியிருக்கலாம். ஆனால் அம்மா எங்கே போனாலும் வந்துவிடுவாள் என்று அவள் நம்பியிருக்கிறாள். இன்னொரு குழந்தைக்கு எடுத்துச் சொல்லும் அளவுக்கு நம்பியிருக்கிறாள். நான் அவளைக் கெடுத்துவிடவில்லை.

அந்த இன்னொரு அம்மாவுக்கு அங்கிருந்தே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அந்த நாய்க்கு நிஜமாவே மூணு தலையா?" என்று கேட்டார்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். "சரி, சாகுறதை நிறுத்தப் போறியா, சொல்றதை நிறுத்தப் போறியா?" என்றார். சொல்வதை, என்றேன். வாசலில் நின்று போகிறேன் என்று சொன்னாலே, போயிட்டு வரேன்னு சொல்லு என்று திருத்தும் வீடு எங்களுடையது. அப்படியிருந்தும் நான்கு மாதமாக விளக்கேற்றும் நேரத்தில் செத்துட்டேன் செத்துட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு உறைக்கவே இல்லை. இனி விழுந்தால் "வீட்டுக்கு வந்துட்டேன்" என்றுதான் சொல்ல வேண்டும் என்று மூவரும் பேசி முடிவு செய்தோம். மகள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் அவளை விட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் போய் நின்றேன். ஆயாம்மா கேட்டைச் சாத்த வந்தவர் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, இன்னும் நின்னுகினு கீற? அது அப்பவே உள்ள பூட்ச்சு. ஊட்டுக்குப் போ, போயி உன் நாயப் பாரு."

போனேன். கேஸை ஒரே ஒருமுறை பார்த்தேன். அன்று காலை நான் நான்கு முறை வீட்டுக்கு வந்தேன்.