பெட்டிக்குள் ஒரு டாக்ஸி விசிறி

நீங்கள் கம்ப்யூட்டரைத் திறந்து தூசி தட்டும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார் என்று கேலி செய்கிறீர்கள். நிற்பதற்குக் காரணம் இருக்கிறது, பிள்ளைகளா. உங்கள் பெட்டியில் பிராசசர் மேலே அலுமினியக் கட்டி ஒன்றும் அதற்கு மேலே விசிறி ஒன்றும் கம்பெனியிலேயே பொருத்தி வருகின்றன. எங்கள் பெட்டியில் அந்தச் சில்லு மொட்டையாகத்தான் இருந்தது. விசிறியை நாங்களேதான் வைத்தோம். வைத்திருக்காவிட்டால் உங்கள் அம்மாவும் நானும் பழனியில் கால் ஊன்றியிருக்க முடியாது.

எண்பதுகளின் கடைசி அது. வீடு வில்பட்டியில், வேலை கொடைக்கானலில், ஒரு ஓட்டல் ஆபீசில் டைப் அடிப்பது. ஓட்டலுக்குப் புது கம்ப்யூட்டர் வந்தபோது பழையதை என்னிடம் தள்ளிவிட்டார்கள். அதை வைத்து ஜாதகம் கணித்துக் கொடுக்கலாம் என்பது உங்கள் அம்மாவின் யோசனை. பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் போதும், கட்டம் போட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் பலன் எழுதி, பிரிண்டர் கிர்கிர்ரென்று அடித்துத் தள்ளும். ஜனங்களுக்கு அப்போது அது புதுசு.

"கொடைக்கானலுக்கு வர்றவங்க படகு விட வர்றாங்க. அவங்களுக்கு எதுக்குங்க ஜாதகம்? பழனிக்குப் போவோம்" என்றாள்.

போனோம். ஓட்டல் வேலையை விட்டாயிற்று. அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த ஒருவர் கடையின் ஓரத்தில் மேசை போட இடம் கொடுத்தார். "பங்குனி உத்திரம் முடியட்டும், பாப்போம். கூட்டத்துல நிக்காம ஓடுச்சுன்னா இடம் உங்களுக்கு. நடுவுல நின்னு சனங்க சத்தம் போட்டாங்கன்னா பொம்மைக்காரனுக்குக் குடுத்துருவேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

காலையில் பெட்டி நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற அதற்கு என்னமோ ஆகும். திரையில் எழுத்து அப்படியே நின்றுவிடும். எந்தச் சாவியைத் தட்டினாலும் அசையாது. அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும்.

உத்திரத்துக்குச் சில நாள் முன்னால் தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தையின் ஜாதகத்தில் ஏழு இடத்துக்குப் பலன் அடித்தாயிற்று. எட்டாம் இடம் தொடங்கும்போது பிரிண்டர் நின்றது. எட்டாம் இடம் ஆயுளைச் சொல்லும் இடம். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"மெஷின் சூடாயிருச்சும்மா, வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

"எட்டுல வந்து எதுக்குங்க நிக்கணும்? ஏதோ தெரிஞ்சுதான் நின்னுருக்கு. எங்கிட்ட மறைக்காதீங்க."

அன்றைக்கு அது திரும்ப ஓடவே இல்லை. உத்திரத்தன்று காவடியோடு வருவோம், அப்போது முழுசாகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுக் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். அவள் அப்படிப் போனதுதான் எனக்கு உறைத்தது. இடம் போனால் வேறு பிழைப்பு பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பயத்தோடு அவளை அப்படியே விட்டுவிடக் கூடாது.

உங்கள் பெரிய மாமாவுக்கு அப்போது பழனியில் ரேடியோ, மைக்செட் ரிப்பேர் கடை. கூப்பிட்டதும் ஸ்க்ரூடிரைவரோடு வந்தார்.

"ஊருக்கெல்லாம் நேரம் பாத்துச் சொல்லுது, அதுக்கு நேரம் சரியில்ல போல" என்றார். பெட்டியைச் சுற்றிப் பார்த்தவர் அதன் முன்பக்கத்தைத் தொட்டார். "இது என்ன மாப்ள, கம்பளி?"

கம்பளிதான். மலையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். பனி இறங்கினால் மெஷின் கெடும் என்று, பெட்டியின் காற்றுத் துவாரங்களில் உங்கள் அம்மா பழைய ஸ்வெட்டரை வெட்டி ஒட்டியிருந்தாள். ராத்திரியில் பெட்டியை அலமாரியில் வைத்துப் பக்கத்தில் ஒரு சின்ன பல்பை எரியவிடுவோம். எங்களுக்குத் தெரிந்தவரை மெஷினுக்கு எதிரி ஈரம், வெதுவெதுப்பு நல்லது. பழனிக்கு வந்தும் கற்பூரப் புகை உள்ளே போகாது என்று கம்பளியை அப்படியே விட்டிருந்தோம்.

"பங்குனி வெயில்ல ஸ்வெட்டர் போட்டுவிட்டா மனுசனே விழுந்துருவான்" என்றார் மாமா.

"எங்க ஊருல அது தேவை, அண்ணே. உங்க ஊரு அடுப்புன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் உங்கள் அம்மா. சொல்லிக்கொண்டே கம்பளியைப் பிய்த்து எறிந்தாள்.

பெட்டி முன்னைவிட நெடுநேரம் ஓடியது. ஆனாலும் நின்றது. மூடியைக் கழற்றிவிட்டு மேசை விசிறியைத் திருப்பி வைத்தேன். பிரிண்டர் காகிதம் பறந்தது. திருநீறும் கரியும் உள்ளே போய்ப் படிந்தன. மூடியை மாட்டி, விசிறியைப் பெட்டியின் பின்னால் வைத்தேன். அப்போது இன்னும் சீக்கிரம் நின்றது. பின்னால் ஏற்கெனவே ஒரு விசிறி சூட்டை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. நான் அதையே திரும்ப உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மாமா மின்சாரத்தை நிறுத்தி, சில்லுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். ஒன்றில் வைத்த விரலை வெடுக்கென்று எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அதுதான் பிராசசர்.

"ஆம்ப்ளிஃபயர்லயும் இதே கதைதான். சூட்டுக்கு ஒரு வழி விடணும்" என்றார். கடையில் செத்துக் கிடந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றிலிருந்து ஹீட் சிங்கைக் கழற்றினார். அது சீப்பு மாதிரி பல் பல்லாக இருக்கும் அலுமினியத் துண்டு. சில்லின் அளவுக்கு ரம்பத்தால் அறுத்தோம். நடுவில் வெள்ளைப் பசையை மெலிசாகத் தடவினார். மூலைகளில் மட்டும் கோந்து. ஏன் இவ்வளவு மெலிசு என்றேன். இரண்டுக்கும் நடுவில் காற்று நின்றால் சூடு தாண்டாது, பசை அதை அடைக்கத்தான், சோறு பிசைகிற மாதிரி அப்பக் கூடாது என்றார்.

சூடு பல்லுக்கு ஏறிவிட்டது. அங்கிருந்து அதை எடுத்துப் போகக் காற்று வேண்டும். சின்ன விசிறிக்கு எங்கே போவது? பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், டாக்ஸி டிரைவர்கள் கண்ணாடி ஓரம் மாட்டும் விசிறி கிடைத்தது. காரிலும் பன்னிரண்டு வோல்ட், பெட்டிக்குள்ளும் பன்னிரண்டு வோல்ட் கம்பி ஒன்று உண்டு. காவடிக் கூட்டம் ஊருக்குள் வரத் தொடங்கியிருந்தது. தகரத்தை வளைத்து விசிறியை உள்ளே நிறுத்தினோம். சுற்றியது, ஆனால் காற்று எதிர்ப்பக்கம் போனது. கம்பியை மாற்றிக் கொடுத்ததும் பல்லின் மேல் நேராக அடித்தது. தடதடவென்று ஆடியதற்கு அடியில் ஸ்பாஞ்ச் வைத்தோம். அந்த ஸ்பாஞ்ச் உங்கள் அம்மா பாத்திரம் தேய்ப்பது.

உத்திரத்தன்று வெள்ளனே கடை திறந்தோம். உச்சி வெயில் வரை ஒரு தரம்கூட நிற்கவில்லை. அப்போது தாராபுரத்துப் பெண் வந்தாள், குழந்தையோடும் புருசனோடும்.

முதல் இடம் அடிக்கும்போதே பெட்டியின் பின்னால் கையை வைத்துப் பார்த்தேன். சூட்டுக் காற்று கையில் முட்டித் திரும்பி வந்தது. உத்திர யாவாரத்துக்காகக் கடைக்காரர் பஞ்சாமிர்த டின்களைப் பெட்டியின் முதுகோடு ஒட்டிச் சுவர் மாதிரி அடுக்கியிருந்தார்.

"முதலாளி, இந்த டின்னுகளைக் கொஞ்சம் நகத்தணும்" என்றேன்.

"ஏப்பா, கூட்டம் கழுத்துல நிக்குது. யாவாரத்தைப் பாப்பனா, உன் பெட்டிக்குக் காத்தப் பாப்பனா?"

உங்கள் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் டின்னைத் தூக்கினாள். நான் அடுத்ததைத் தூக்கினேன். குழந்தையின் அப்பாவும் என்ன ஏதென்று கேட்காமல் ஒன்றைத் தூக்கினார். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வந்து, "அங்க வைக்காதீங்க, வெயில்ல கெட்டுரும். இப்படிக் குடுங்க" என்று வாங்கி வைத்தார்.

பிரிண்டர் ஏழாம் இடத்தை முடித்தது. ஒரு கணம் சத்தமில்லை. வரி மாறும்போது அப்படித்தான் நிற்கும். அந்தப் பெண் மூச்சுவிடவில்லை. எட்டாம் இடம் அடிக்கத் தொடங்கியது. ஒன்பது, பத்து என்று பன்னிரண்டும் முடிந்து காகிதம் வெளியே வந்தது. அவள் எட்டாம் இடத்தை மட்டும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். தீர்க்காயுசு என்று படித்தேன். குழந்தை நெற்றித் திருநீற்றைக் கையால் அழித்துக்கொண்டிருந்தது.

உத்திரம் முடிந்த மறுநாள், மேசையை எடுக்கச் சொல்வாரோ என்ற யோசனையோடு போனோம். கடைக்காரர் டின்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். பெட்டிக்குப் பின்னால் மட்டும் ஒரு முழம் இடம் விட்டிருந்தார்.