குதிகாலக்கா கட்சி கட்டிய தளபதி

தைத்து முடிந்து வரும் ஒவ்வொரு பூட்ஸுக்குள்ளும் வெறுங்கையை விட்டுப் பார்ப்பதுதான் அந்தத் தொழிற்சாலையில் அவளுடைய வேலை. கை உள்ளே போய் விரல்முனை வரை தடவும், பக்கவாட்டில் ஒரு சுற்றுச் சுற்றும், கடைசியாகக் குதிகாலில் வந்து நிற்கும். நூல் முடிச்சு, காய்ந்த பசைக்கட்டி, தலை நீட்டிய ஆணி எதுவும் அவள் விரலுக்குத் தப்பாது. இருபத்திரண்டு வருஷமாக இதே மேசை, இதே நாற்காலி. அங்கே தயாராவது முழுக்கப் பட்டாளத்து பூட்ஸ். கறுப்பு, கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் உயரம், கையில் எடுத்தால் கனக்கும்.

எல்லோரும் அவளைக் குதிகாலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் வந்தது வேலைக்குச் சேர்ந்த எட்டாவது வருஷம். நானூறு ஜோடி ஒரே மாதிரி வந்தது. ஒவ்வொன்றிலும் குதிகால் பக்கத்துத் தையல் உள்ளே லேசாகப் புடைத்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். அவள் அத்தனையையும் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டாள். லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. மேனேஜர் ஓடி வந்தார்.

"இதெல்லாம் ஒரு குறையாம்மா? ரெண்டு நாள் போட்டா பழகிடும்."

"யாருக்கு சார் பழகும்?" என்று அவள் கேட்டாள். "காலுக்கா, பூட்ஸுக்கா?"

அவர் முறைத்தார். அவள் அந்தக் குவியலிலேயே ஆகச் சின்ன அளவாக ஒரு ஜோடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அன்று முழுக்க அதிலேயே நின்றாள், அதிலேயே நடந்தாள், சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலை மதிலை ஒட்டி ஐந்து சுற்றுச் சுற்றினாள். ஷிப்ட் முடிந்ததும் மேனேஜர் அறைக்குப் போய், பூட்ஸைக் கழற்றிக் காலைத் திருப்பிக் காட்டினாள். குதிகாலில் தோல் உரிந்து, காலுறை ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. லாரி காலியாகத் திரும்பிப் போனது. நானூறு ஜோடியும் பிரித்துத் தைக்கப்பட்டன. மேனேஜர் அவளிடம் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் வீட்டுக்காரர் மட்டும் அந்தக் காலுக்கு மருந்து போட்டுக்கொண்டே, "பட்டாளத்துக்கே காவல் நிக்கிற ஆளு நீ" என்றார். அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அதிகம் பேசாத மனிதர்.

அந்தத் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் ஒரு தீராத வழக்கு இருந்தது. உலகத்திலேயே பெரிய படைத்தலைவன் யார் என்பது. தோல் வெட்டும் பகுதியின் கட்டிங் மாஸ்டர் அலெக்சாந்தர் கட்சி. அவர் பேச ஆரம்பித்தால் டிபன் டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் படைகளாகிவிடும். மெஷின் பழுது பார்க்கும் மெக்கானிக் நெப்போலியன் கட்சி. ஆள் குட்டை என்பதால் அந்தப் பிடிப்பு என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். ஸ்டோர் கீப்பர் செங்கிஸ்கானை விட்டு ஓரடி நகரமாட்டார். தினமும் அரை மணி நேரம் மூவரும் உலகத்தை மாறி மாறிப் பிடிப்பார்கள், மணி அடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போவார்கள்.

குதிகாலக்கா பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனாலும் காதில் விழுந்ததை விட்டுவிடுகிற பழக்கம் அவளிடம் கிடையாது. ஒருநாள் மாஸ்டர், அலெக்சாந்தர் ஆயிரக்கணக்கான மைல் படை நடத்திப் போனதை விவரித்துக்கொண்டிருந்தபோது அவள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"மாஸ்டர், அவ்வளவு தூரமும் அந்த ஆளுங்க கால்ல என்ன போட்டுட்டு நடந்தாங்க?"

மாஸ்டர் விழித்தார். "அது... ஏதோ செருப்பு மாதிரி."

"தேஞ்சா?"

"தேஞ்சா வேற போட்டிருப்பாங்க. அதையெல்லாமா சரித்திரத்துல எழுதுவாங்க?"

"ஒருத்தருமே எழுதலையா?"

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா எங்க போனாலும் குதிகால்லதான் வந்து நிப்பாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஆனால் கேள்வி அவளோடு வீட்டுக்கு வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொது நூலகத்தின் படியேறினாள். அங்கே இருந்த பெண் என்ன புத்தகம் வேண்டும் என்று கேட்டதற்கு, "நடந்த படையைப் பத்தி வேணும்" என்றாள்.

"எல்லாப் படையும் நடந்ததுதாங்க."

"ஜெயிச்ச கதை வேண்டாம்மா. நடந்தவங்க கால் என்னாச்சுன்னு யாராவது எழுதியிருந்தா கொடுங்க."

நூலகப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். இப்படி ஒரு கேள்வி அவளுக்கும் புதிது. இருவருமாகத் தேடினார்கள். நான்காவது ஞாயிற்றுக்கிழமை, முதுகு பிய்ந்துபோன தடித்த உலக சரித்திரம் ஒன்றில் அகப்பட்டான் அந்த மனிதன். இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய கிரேக்கன். பெயர் செனபோன். குதிகாலக்கா அந்தப் பக்கங்களை அங்கேயே உட்கார்ந்து இரண்டு தடவை படித்தாள். பிறகு பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டாள்.

அந்த வருஷம் தொழிலாளர் சங்க ஆண்டு விழாவில், சாப்பாட்டு அறை வழக்கையே மேடையேற்றிவிடலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். சனிக்கிழமை மதியம், பெரிய ஹாலில் பட்டிமன்றம். நடுவராக ஓய்வுபெற்ற சரித்திர டீச்சரம்மா. சபையோர் கை தூக்கித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அறிவிப்புப் பலகையில் மூன்று பெயர் இருந்தது. நாலாவதாகத் தன் பெயரையும் எழுதச் சொன்னாள் அவள்.

மாஸ்டர் மரியாதையாகத்தான் கேட்டார். "நீங்க யாருக்காகக்கா பேசப் போறீங்க?"

"சொன்னா உங்களுக்குத் தெரியாது மாஸ்டர். எனக்கே போன மாசம்தான் தெரியும்."

அன்றைக்கு ஹால் நிரம்பி வழிந்தது. வீட்டுக்காரருக்கு டியூட்டி, வர முடியவில்லை. மாஸ்டர் முதலில் பேசினார். அலெக்சாந்தர் முப்பத்திரண்டு வயதில் இறப்பதற்குள் ஒரு பெரிய போரில்கூடத் தோற்கவில்லை என்று அவர் சொன்னபோது கைதட்டல் கூரையைத் தூக்கியது. மெக்கானிக் நெஞ்சருகே சட்டைக்குள் கையைச் சொருகிக்கொண்டு நெப்போலியனாகவே நின்றார். ஸ்டோர் கீப்பர் செங்கிஸ்கானின் குதிரைகளை அடுக்கிக்கொண்டே போய் நேரம் தாண்டிவிட்டார், டீச்சரம்மா மணியடித்து உட்கார வைத்தார்.

குதிகாலக்கா மேடையேறினாள். நோட்டைப் பிரித்தாள். எழுத்து கண்ணில் நிற்கவில்லை. மூடிவிட்டாள்.

"என் ஆளு எந்த நாட்டையும் பிடிக்கலைங்க," என்று ஆரம்பித்தாள்.

பின்வரிசையில் யாரோ, "அப்போ உக்காருங்கக்கா!" என்றார்கள். ஹால் சிரித்தது. அவளுக்கு ஏனோ அந்தச் சிரிப்பில் பயம் விட்டுப்போனது.

"உக்காரத்தான் போறேன், கொஞ்சம் பொறு. பாரசீகத்துல ஒரு ராஜாவோட தம்பி அண்ணனைக் கவுக்கணும்னு பத்தாயிரம் கிரேக்கனைக் கூலிக்குக் கூட்டிட்டுப் போறான். சண்டையில தம்பிக்காரன் செத்துட்டான். கூட்டிட்டு வந்தவனே போயிட்டான், இனி யாருக்காகச் சண்டை போடறது? பேச வாங்கன்னு எதிராளி கூப்பிடுறான். நம்பிப் போன தளபதிங்களையும் கொன்னுட்டான். பத்தாயிரம் பேரு, அந்நிய தேசம், தலை இல்லாத படை. வீடு எந்தப் பக்கம்னே தெரியாது. அப்போ எழுந்தவன்தான் செனபோன். அவன் தளபதியே இல்லை. சிநேகிதன் கூப்பிட்டான்னு கூட வந்தவன். நாம நடப்போம்னு சொன்னான். அவனையும் இன்னும் சில பேரையும் தலைவனா வச்சுகிட்டு நடந்தாங்க."

சிரிப்பு அடங்கிவிட்டது. அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஒரு மலையேத்தம். செனபோன் குதிரை மேல இருந்து சீக்கிரம் சீக்கிரம்னு சொல்றான். கீழ ஒருத்தன், 'நீ குதிரையில போற, நான் கேடயத்தைச் சுமந்துட்டு சாகிறேன்'ங்கறான். நம்ம மேனேஜரா இருந்தா என்ன பண்ணியிருப்பாரு?"

ஹால் அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்த புது மேனேஜர்கூடச் சிரித்துவிட்டார்.

"அவன் குதிரையை விட்டுக் குதிச்சான். அந்த ஆளைத் தள்ளி விட்டுட்டு, கேடயத்தைப் பிடுங்கி, தானே சுமந்துட்டு ஏறினான். மத்தவங்க அந்த ஆளை நல்லா நாலு சாத்து சாத்தி, கேடயத்தை வாங்க வச்சாங்க. அப்புறம் பனி வருது. பனியில கால் போகுது. பழைய செருப்பெல்லாம் தேஞ்சு போச்சு. மாட்டை உரிச்ச பச்சைத் தோல்ல செருப்பு கட்டிக்கிறாங்க. பச்சைத் தோல் இறுகினா என்ன ஆகும்னு வெளியில யாருக்கும் தெரியாது. நமக்குத் தெரியும். அவிழ்க்காம படுத்தவன் காலுக்குள்ள வார் வெட்டிட்டு இறங்கிடுச்சு. படுக்கும்போது அவிழ்த்துட்டுப் படுத்தவன் கால் தப்பிச்சது. இத்தனையையும் அவன் எழுதி வச்சிருக்கான். இத்தனை நாடு பிடிச்சேன்னு எழுதலை. வார் எங்க வெட்டுச்சுன்னு எழுதியிருக்கான்."

மெக்கானிக் எழுந்தார். "எழுதினது அவரே தானேக்கா? தன்னைப் பத்தித் தானே எழுதினா நல்லாத்தான் எழுதுவாரு!"

"நியாயமான கேள்வி," என்றார் டீச்சரம்மா.

குதிகாலக்கா மெக்கானிக் பக்கம் திரும்பினாள். "பெருமை பேசறவன் பொய் சொல்லுவான் தம்பி, ஒத்துக்கிறேன். கேடயம் சுமந்த கதையில கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனா செருப்பு வாரைப் பத்தி எதுக்குப் பொய் சொல்லணும்? அதுல என்ன பெருமை இருக்கு? குனிஞ்சு பாத்தவனுக்குத்தான் அது தெரியும். உங்க நெப்போலியனும் பனியிலதான் படையை நடத்தினாரு. லட்சக்கணக்குல கூட்டிட்டுப் போயி, திரும்பி வரும்போது பாதி வழியில படையை விட்டுட்டு முன்னாடி ஊருக்குப் போயிட்டாரா இல்லையா?"

அதற்குள் சோல் ஒட்டும் பகுதிப் பெண்கள் விசில் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"முடிச்சுடறேன். ஒருநாள் முன்னாடி போனவங்க மலை உச்சியில நின்னு கத்தறாங்க. எதிரி வந்துட்டான்னு நினைச்சு செனபோன் குதிரையை விரட்டிட்டு ஓடறான். கிட்டப் போனா, 'கடல்! கடல்!'னு கத்தறாங்க. கடல் தெரிஞ்சா ஊருக்கு வழி தெரிஞ்ச மாதிரி. ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடிச்சு அழறாங்க, தளபதியும் அழறான், சிப்பாயும் அழறான். எல்லாரும் வந்து சேரலைங்க, வழியில நிறையப் பேரு போயிட்டாங்க. ஆனா தலை இல்லாத படை வந்து சேர்ந்துச்சு. நாம இங்க தைக்கிற பூட்ஸ் எவன் காலுக்குப் போகுதுன்னு எனக்குத் தெரியாது. அவன் எங்க போறான்னும் தெரியாது. திரும்பி வரணும்னு நினைச்சுத்தான் நான் ஒவ்வொண்ணுலயும் கையை விடறேன். அதனால என் கட்சி செனபோன் கட்சி."

அவள் இறங்கி வந்து உட்கார்ந்த பிறகும் கைதட்டல் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த தையல்காரி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். காய்த்துப்போன, பசை வாசம் பிடித்த அந்த உள்ளங்கையைக் குதிகாலக்கா இதற்கு முன் யார் எதிரிலும் விரித்து வைத்ததில்லை. அன்று மடிமேல் விரித்தபடியே வைத்திருந்தாள்.

கைகளை எண்ணினார்கள். அலெக்சாந்தருக்கு எண்பத்தெட்டு. செனபோனுக்கு எண்பத்தொன்று. நெப்போலியனும் செங்கிஸ்கானும் வெகு தூரம் பின்னால். டீச்சரம்மா தீர்ப்பைச் சொல்லிவிட்டு, "முப்பத்தஞ்சு வருஷம் பாடம் நடத்தியிருக்கேன், செருப்பு வாரைப் பத்தி நான் ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை" என்று சேர்த்துக்கொண்டார். குதிகாலக்காவுக்கு ஏழு கை குறைந்தது உறைக்கவே இல்லை. எண்பத்தொரு கை என்பது மட்டும் தலைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது.

அன்று மாலை வீட்டுக்காரர் வந்து, கைகால் கழுவி, சாப்பிட உட்கார்ந்ததும், "என்னாச்சு?" என்றார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். அவர் சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே கேட்டார். "அப்புறம்?" என்றார். "குதிரையை விட்டுக் குதிச்சானா!" என்றார். "அந்த மெக்கானிக் என்ன சொன்னாரு?" என்றார். கடல் வந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் இத்தனை கேள்வி கேட்டு அவள் பார்த்ததில்லை. கை தட்டினது, விசில் அடித்தது, டீச்சரம்மா சொன்னது என்று ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தாள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு அறையில் மாஸ்டர் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் மேசைக்கே வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்ல மனுஷன். சனிக்கிழமை அவர் வண்டியிலதான் வீட்டுக்குப் போனேன். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துலயே நின்னு நீங்க பேசினது முழுக்க ஒண்ணு விடாம சொல்லிட்டேன். என் ஸ்டாப்புல இறங்க விடலை, கடைசி ஸ்டாப் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டாரு. கடல் வந்த இடத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னாரு. வண்டியே கேட்டுட்டு வந்துச்சு."

குதிகாலக்கா கையில் எடுத்த சோற்று உருண்டையைத் திரும்பத் தட்டில் வைத்தாள். முந்தாநாள் இரண்டு கையும் ஆட்டி அவள் சொன்னபோது, 'அப்புறம், அப்புறம்' என்று வாய் பிளந்து கேட்ட முகம் ஞாபகத்துக்கு வந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னக்கா?" என்றார் மாஸ்டர் புரியாமல்.

"ஒண்ணுமில்லை மாஸ்டர்," என்றாள். "நீங்க அலெக்சாந்தரைப் பத்திச் சொல்லுங்க."