சந்தனம் பட்ட நூறு ரூபாய்

மின்வாரியத்தில் கணக்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற செல்லக்கிளி, நாணயச்சாலை வெளியிடும் நினைவு நாணயத் தொகுப்புகளைச் சேர்த்து வருபவர். பாளையங்கோட்டை நாணயச் சேகரிப்பாளர் கழகத்தின் ஆண்டுக் கண்காட்சியில் தம்முடைய நூறு ரூபாய் நாணயம் 'புரூஃப்' என்ற பெயர் அட்டையுடன் இடம்பெற வேண்டும் என்பது அவர் விருப்பம். சேகரிப்பாளருக்கென்று கண்ணாடிப் பளபளப்போடு தனியே அடிக்கப்படும் நாணயத்துக்கே அந்தப் பெயர். அதற்குக் குறுக்கே நின்றவர் கழகச் செயலாளர் அகமது மீரான்; டவுனில் பாத்திரக்கடை வைத்திருப்பவர்.

"யக்கா, மின்னுனா புரூஃப் ஆயிருமா? பாலிஷ் போட்டா எங்க கடை ஈயப் போணியும் இப்படித்தான் மின்னும்."

"அப்பம் நான் தேச்சுக் கொண்டாந்திருக்கேன்னு சொல்லுதீரு."

"அப்படிச் சொல்லல. உறையில நாணயச்சாலை முத்திரை எங்க?"

உறை இருந்தது, முத்திரைதான் இல்லை. செல்லக்கிளி வீட்டில் புதிதாக வரும் எதற்கும், அது மிக்சியானாலும் சைக்கிளானாலும், சரஸ்வதி பூசையன்று சந்தனமும் குங்குமமும் வைத்தாக வேண்டும். அந்த வழக்கப்படி உறையைக் கத்தரித்து, நாணயத்துக்குப் பொட்டிட்டுப் புத்தகங்களின்மேல் வைத்திருந்தார். மறுநாள் ஈரத் துணியால் துடைத்து மீண்டும் உறைக்குள் இட்டார். அதில் பிழை இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

சந்தேகம் தீர, செல்லக்கிளி நாணயத்தை வெளியூரிலுள்ள ஒரு தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பினார். அங்கே எடையும் உலோகமும் பார்த்தபின், உருப்பெருக்கியின் கீழ் எழுத்துகளின் ஓரங்களை ஆராய்ந்தார்கள். மெருகிட்ட அச்சால் ஒரு முறைக்கு மேல் அழுத்தப்படுவதால் புரூஃப் நாணயத்தின் எழுத்துகள் வெட்டி வைத்தாற்போல் நிற்கும். சாதாரண நாணயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அந்த ஓரங்களே முதலில் மழுங்கும்.

சில வாரங்களில் நாணயம் கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டில் அடைபட்டுத் திரும்பியது. மேலே ஒட்டிய வில்லையில் 'புரூஃப்' என்றிருந்தது. அடுத்த வரியில் 'துடைக்கப்பட்டது' என்றிருந்தது. ஆகவே நாணயத்தின் நிலையைக் குறிக்கும் தர எண் வழங்கவில்லை. முத்திரை பிரிந்த உறையிலிருந்து வந்ததால் தொகுப்பின் பெயரையும் குறிக்கவில்லை. செல்லக்கிளி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பொட்டு இருந்த இடத்தைச் சுற்றி மயிரிழைக் கோடுகள் வட்டமாக ஓடின. அவர் கை போன தடம் அது.

கண்காட்சிக்கு முந்தின நாள் மீரானிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மீரான் அதைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"அசல்தான். நான் நெனச்சது தப்பு யக்கா." இரண்டாவது வரியைத் தொட்டுக் காட்டி, "யாரு தொடச்சா?" என்றார்.

"நாந்தான். சந்தனத்தோட பீரோவுக்குள்ள வைக்க முடியுமா?"

"உறைக்கு வெளிய ஒரு பொட்டு வச்சா சாமி வேண்டாம்னா சொல்லும்?"

"அத அப்பமே வந்து சொல்லியிருக்கணும்வே நீரு."

மீரான் சிரித்துக்கொண்டே அட்டையில் 'புரூஃப்' என்று எழுதி நிறுத்தினார். "இது போதும். ரெண்டாவது வரிய யாரு கேக்கப்போறா?"

"எழுதும். அவிய சொன்னதுல பாதிய மட்டும் எடுத்தா, நாளைக்கு நீரே என்னைய நம்பமாட்டீரு."

மீரான் எழுதினார். இடம் போதாமல் எழுத்துகள் ஓரத்தில் நெருக்கியடித்து நின்றன. செல்லக்கிளி வேறோர் அட்டை கேட்டு வாங்கி, இரண்டு வரிகளையும் ஒரே அளவில் தாமே எழுதினார்.