ஒரு தட்டுக்குப் போ, இரண்டு தட்டுக்கு நில்

எங்கள் தறியின் ஓரக் கட்டையில் ஒரு கல் இருக்கிறது. கோழி முட்டையைவிடச் சற்றுப் பெரியது. ஒரு பக்கம் மழமழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எடைக்கல்லா என்று கேட்பார்கள். இல்லை, அது என் மாமியார் ஒரு மலையிலிருந்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்த கல். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், கூப்பிட்ட காலங்களில். கூப்பிடாத காலமும் ஒன்று இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று நெய்யும் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நடுவில் இருப்பவர் உடலுக்கு ஊடு இழை ஓட்டும் நாடாவை எறிவார். ஓரத்தில் இருப்பவர் கரைக்கு எறிவார். தோள்வலி வந்த பிறகு அத்தை நடு இடத்தை எனக்கு விட்டுவிட்டு ஓரத்துக்கு நகர்ந்தார். மனசார அல்ல. தறிச் சத்தத்தில் பேச்சு காதில் ஏறாது என்பதால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. இழை அறுந்தால் ஓரத்து ஆள் கட்டையில் இரண்டு தட்டு தட்டுவார், நடு ஆள் அப்படியே நிறுத்திவிட வேண்டும். முடிச்சுப் போட்டதும் ஒரு தட்டு, போகலாம். மற்ற நேரமெல்லாம் நடு ஆள் போகிற போக்குக்கு ஓரத்து ஆள் வாய் பேசாமல் பின்னால் வருவார்.

என் மகளின் காதுகுத்தில் ஆரத்தித் தட்டை முதலில் என் அம்மா கையில் கொடுத்துவிட்டேன். இது ஒரு குற்றமா? அத்தைக்குப் பெரிய குற்றம். "உங்க வூட்டு விசேஷத்துல நான் யாரும்மா?" என்று பந்தியில் எல்லார் முன்னாலும் கேட்டார். நானாவது சும்மா இருந்திருக்கலாம். "கைய நீட்டியிருந்தா குடுத்திருப்பேனே" என்றேன். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே அடுப்பு, ஒரே தறி, பேச்சு மட்டும் கிடையாது. நான் எதிரில் நிற்கும்போதே, "கொழம்புல உப்பு இல்லன்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லுப்பா" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் தறியில் தட்டு மட்டும் தவறாமல் வந்தது. மாதக்கணக்கில் எங்களுக்குள் இருந்த மொழி அந்த ஒன்றும் இரண்டும்தான்.

நெசவாளர்களுக்கு அமாவாசைதான் விடுமுறை. ஜரிகை வியாபாரம் செய்யும் பாய் என் வீட்டுக்காரருக்குச் சிநேகிதர், சரியான மலைப் பைத்தியம். ஆந்திர எல்லையில் ஒரு மலை இருக்கிறது, இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கலாம், வேன் நம்மை விட்டுவிட்டுச் சுற்றி வந்து அந்தப் பக்கம் நிற்கும், பொழுதோடு முடித்துவிடலாம் என்றார். மாசி அமாவாசைக்குத் தெருவே கிளம்பியது. அத்தையும் கிளம்பினார். "எல்லாம் போவுது, நான் மட்டும் வூட்ல குந்திக்கினு பல்லி சத்தம் கேக்கணுமா?" இருட்டினால் மேலே நிலா இருக்காது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வேறு யார் அமாவாசை பார்த்து மலையேறப் போவார்கள்?

காலையில் ஒரு பள்ளத்தில் இறங்கி, ஆளுயரப் பாறைகளைச் சுற்றிச் சுற்றி ஏறினோம். மேலே முகடு முழுக்கக் காரைமுள்ளும் சூரைமுள்ளும் விராலியும்தான். நிழல் பேருக்குக்கூட இல்லை. எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக் கைகழுவியதும் நான் ஒரு புதர் மறைவுக்குப் போனேன். அந்த நேரத்தில் பாய் எல்லாரையும் நிறுத்திச் சொல்லியிருக்கிறார். "இதுக்கு மேல ரெண்டு பள்ளம் பிரியுது. சோத்துக்கை பக்கமே வாங்கப்பா. பீச்சாங்கை பக்கம் வேணவே வேணாம், சறுக்குப் பாறை ஒண்ணு இருக்குது, எறங்கிட்டா ஏற முடியாது. அதத் தாண்டினா பாதாளம்." பிறகு அத்தையைப் பார்த்து, "மருமவகிட்ட சொல்லிடுங்கம்மா" என்றாராம். அத்தை தலையாட்டினாராம்.

நான் வெளியே வந்தபோது கூட்டம் போயிருந்தது. அத்தை மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரைத் தாண்டி நான் நடந்தேன். தடம் பிரிந்த இடத்தில் இடது பக்கம் சுலபமாகத் தெரிந்தது, திரும்பினேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தையே வருகிறார், அப்போது வழி சரிதான் என்று தைரியமாக இறங்கினேன். வழியில் ஒரு வழுக்குப் பாறை. உட்கார்ந்தபடியே சறுக்கினேன். அத்தை மேலே வெகுநேரம் நின்றார். பிறகு அவரும் சறுக்கினார். அதன் பிறகு இரண்டு பக்கச் சுவரும் நெருங்கிக்கொண்டே வந்தன. திடீரென்று காலுக்கு முன்னால் தரை இல்லை. கீழே, வெகு கீழே, மரங்கள் கொத்துமல்லிக் கட்டு மாதிரி தெரிந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினேன். போனில் சிக்னல் இல்லை. கத்தினேன், என் குரலே நாலா பக்கமிருந்தும் என்மேல் வந்து விழுந்தது. வெயில் பாறைகளின் உச்சியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அத்தை, வழி தப்பிட்டோம்" என்றேன். மாதங்களுக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு.

"தெரியும்."

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"மேலியே. நீ திரும்பறப்பவே."

"அடிப்பாவி!" என்று மாமியாரைச் சொல்லிவிட்டேன். "ஏன் கூப்பிடல?"

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "வாய் வரலம்மா."

"அப்ப நீங்களாவது அவங்களோட போயிருக்கலாம் இல்ல?"

"உன்ன வுட்டுட்டா?" என்று கோபமாகக் கேட்டார்.

அழுவதற்கு நேரமில்லை. வழுக்குப் பாறைக்குத் திரும்பி வந்தோம். அத்தை சுவரில் கை ஊன்றிக் குனிந்தார். "ஏறு. என் முதுகு மேல கால வை." மாமியார் மேல் கால் வைப்பதா என்று தயங்கினேன். "உங்க தோளு, அத்தை..." "தோளு கெடக்குது. ஏறுடி!" அந்த வலிக்கிற தோளில் மிதித்துத்தான் மேலே போனேன். கீழே கை நீட்டினேன், எட்டவில்லை. தண்ணீர் பாட்டிலைப் போட்டேன். இருட்டினால் இந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று கேட்டதற்கு, அத்தை ஒரு கல்லை எடுத்துக் காட்டினார். "நான் தட்டிக்கினே இருக்கேன். நீ போ."

ஏறினேன். பின்னால் ஒரு தட்டு. கொஞ்ச தூரம் போனதும் இன்னும் ஒரு தட்டு. போ, போ என்று அது என்னை முதுகில் கைவைத்துத் தள்ளியது. முள் கிழித்தது தெரியவில்லை. தட்டுக்கு நடுவே இடைவெளி நீண்டால் மட்டும், பாம்பா, மயக்கமா, என்ன ஆயிற்று என்று நின்றுவிடுவேன். அடுத்த தட்டு வந்த பிறகுதான் கால் நகரும். முகட்டில் பாயும் என் வீட்டுக்காரரும் எதிரே வந்தார்கள். எங்களைக் காணாமல் பாதி வழியிலிருந்து திரும்பியிருக்கிறார்கள். "யா அல்லா! அம்மா எங்க?" என்றார் பாய். நான் கீழே கையைக் காட்டினேன்.

இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. போன் வெளிச்சம் காலடிக்கு மேல் எட்டவில்லை. பாய் கயிற்றோடு முன்னால் ஓடினார். அத்தை கீழிருந்து ஏதோ கத்தினார். எதிரொலியில் ஒரு வார்த்தை புரியவில்லை. உடனே தட்டினார். இரண்டு தட்டு. யோசிக்கவே இல்லை, பாயின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். அவர் வெளிச்சத்தைத் தாழ்த்திக் காட்டியபோது, வழுக்குப் பாறையின் விளிம்பு அவர் கால்விரலுக்குப் பக்கத்தில் இருந்தது.

கயிறு கட்டி அத்தையை மேலே தூக்கினோம். வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊருக்குப் பாதி வழியில், நேராக என் முகத்தைப் பார்த்து, "கொழம்புல நீ உப்பு கம்மியாதான் போடற" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. வீட்டுக்கு வந்து சேலை மாற்றும்போது இடுப்பிலிருந்து அந்தக் கல் விழுந்தது. அதற்குப் பிறகு தறியில் அவர் கையால் தட்டியதே இல்லை, கல்லால்தான்.

இப்போது ஓரத்தில் என் வீட்டுக்காரர் உட்காருகிறார். இழை அறுந்தால், "ஏய், நிறுத்து நிறுத்து" என்று கத்துவார். கல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அவர் எடுப்பதில்லை, நானும் எடுக்கச் சொல்வதில்லை.

போன ஐப்பசியில் அத்தை படுத்த படுக்கையானார். கடைசியில் நினைவில்லை, மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. "பாவம், எதுக்கோ உசுர புடிச்சிக்கினு இருக்குது. மருமவ நீ, போயிட்டு வாங்கன்னு உன் வாயால சொல்லுமா, போயிடும்" என்றார்கள் தெருப் பெண்கள். பக்கத்தில் உட்கார்ந்தேன். வாய் வரவில்லை. எழுந்துபோய்த் தறியிலிருந்து கல்லை எடுத்து வந்தேன். அதுவரை தட்டியது எப்போதும் அவர்தான். ஒரு தட்டு தட்டினால் அவருக்குப் புரியும் என்றுதான் எடுத்து வந்தேன். கட்டில் காலில் ஒரு தட்டு தட்டினேன். அவர் முகத்தைப் பார்த்தேன். இன்னொரு தட்டும் தட்டிவிட்டேன்.