சுப்பண்ணனின் எச்சில்

குன்னூரிலிருந்து அரவேணு போகிற வழியில் ஒரு கல்லூரி. அதன் சோதனைக்கூடத்தில் சுப்பண்ணன் அட்டெண்டர். குடுவை கழுவுவது, பூட்டுவது, திறப்பது போக அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு: துப்புவது. முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். சோற்றை வாயிலேயே சர்க்கரையாக உடைக்கத் தொடங்கும் ஒரு நொதி எச்சிலில் இருக்கிறது. அதை விலைக்கு வாங்கினால் மலையேறி வருவதற்குள் ஐஸ் உருகிக் கெட்டுப்போகிறது. சுப்பண்ணன் வாயில் ஊறுவதோ எந்நேரமும் புத்தம்புதுசு.

அங்கே ஆராய்ச்சி செய்யும் ஷண்முகப்ரியா மேடம் தேடியது அந்த நொதியைக் கட்டிப்போடும் தழையை. அகப்பட்டால் சர்க்கரை நோய்க்கு மருந்தாகும். அதையே பயிருக்குள் புகுத்தினால் தின்ன வரும் வண்டுக்குச் செரிக்காது என்பார். சோதனை எளிது. கஞ்சியில் எச்சிலை விட்டுக் கொஞ்சம் பொறுத்து அயோடின் சொட்டினால் நீலம் வராது, கஞ்சி உடைந்துவிட்டது. தழைச்சாறும் சேர்த்த பிறகு நீலம் வந்தால், தழை எச்சிலை மடக்கிவிட்டது. துப்பும்வரை வாயில் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் படக்கூடாது என்பது மேடம் போட்ட ஒரே நிபந்தனை. டீயைத் தனியாகச் சொல்லவில்லை என்பது சுப்பண்ணனின் கட்சி.

அன்று காலை ஒழுங்காகத்தான் துப்பினார். தழை சேர்க்காத கஞ்சியில் நீலம் வரவில்லை. இடைவேளையில் எதிரே இருக்கும் டக்ளஸ் கடையில் இரண்டு ஸ்ட்ராங் டீ குடித்துவிட்டு வந்து மேசையைத் துடைக்கையில், மிச்ச எச்சில் இருந்த கிண்ணத்தை முழங்கை தட்டிவிட்டது. மேடம் பார்க்கவில்லை. எச்சிலுக்கா பஞ்சம் என்று புதிதாகத் துப்பி வைத்தார். அதில் மேடம் வேலியோரச் செடி ஒன்றின் சாற்றைச் சேர்த்துச் சோதித்தபோது கஞ்சி கருநீலமாக நின்றது. மேடத்துக்கு வாயெல்லாம் பல்.

சுப்பண்ணனுக்கு மனைவி மருதாம்பாளின் முகம்தான் ஞாபகம் வந்தது. இரண்டு வருடமாக அவளுக்குச் சர்க்கரை. சோறு என்றால் உயிர். ஒரு கரண்டிச் சோற்றை வைத்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்க அவருக்கு மனசு பொறுக்காது. சாயங்காலம் வேலியில் ஒரு கை தழையை ஒடித்துக்கொண்டு போனார்.

"இதைக் கொதிக்க வெச்சுக் குடி. அப்பறம் எவ்வளவு சோறு தின்னாலும் ஒட்டாது. எங்க லேப்லயே கண்டுபுடிச்சாச்சு."

அன்றைக்கு மருதாம்பாள் தட்டு நிறையச் சோறு போட்டு, புளிக்குழம்பு ஊற்றித் தின்றாள்.

மறுநாள் மேடம் காலையில் முதல் வேலையாக, தன் எதிரிலேயே துப்பச் சொல்லி அதே தழையை மறுபடி சோதித்தார். நீலம் வரவில்லை.

"நேத்து டீ ஏதாச்சும் குடிச்சீங்களாண்ணே?"

"டீதானுங்க மேடம். பிராந்தியா குடிச்சேன்?"

கிண்ணம் கொட்டிய கதையும் வெளியே வந்தது. டீயின் துவர்ப்பே எச்சிலை மடக்கும் என்று மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினார்.

"அப்ப டீயே மருந்துங்களா?"

"கண்ணாடிக் குழாயில நடக்கறதெல்லாம் வயித்துல நடக்குமா? அந்தத் தழை விஷமா இல்லையான்னே இன்னும் பாக்கலைண்ணே."

சுப்பண்ணன் லீவு சொல்லக்கூட மறந்து வீட்டுக்கு ஓடினார். மருதாம்பாள் இன்றைக்கும் தட்டு நிறையச் சோற்றோடு சௌக்கியமாக உட்கார்ந்திருந்தாள்.

"அந்தத் தழையைக் குடிச்சியா?"

"எங்கீங்க, மோந்து பாத்தாலே கொமட்டுச்சு. கொட்டிப் போட்டனுங்க."

"அப்ப எதை நம்பி அத்தனை சோறு தின்னே?"

அவள் பிசைவதை நிறுத்தவில்லை. "ஒரு சாக்கு வேணுமில்லீங்க. ரெண்டு வருசமா எல்லாரும் வேண்டாம்னுதான சொன்னாங்க. தின்னுன்னு நீங்க ஒருத்தருதான் சொன்னீங்க."

அவருக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. தட்டிலிருந்த சோற்றில் பெரும்பங்கை அள்ளித் தானே தின்றார். அவள் தடுக்கவில்லை.

அடுத்த நாள் மேடம் வேறொரு தழையை எடுத்து வைத்திருந்தார். இடைவேளையில் எல்லோரும் டீக்குப் போக, சுப்பண்ணன் கல்லூரி வாசலிலேயே நின்றுகொண்டார்.

"ஏனுங்கண்ணா, டீ ஆறுது," என்று எதிர்ப்பக்கமிருந்து டக்ளஸ் கூப்பிட்டார்.

"ஆறட்டும். எச்சில் சுத்தமா வேணும்," என்றார் சுப்பண்ணன். "ஊட்டுக்காரி சோறு திங்கோணும்."