சீதனமாகக் கேட்ட சுடுதண்ணீர்

என் அக்காவை, ராத்தாவைப் பெண் பார்க்க வந்த கண்டிக்காரர்கள் சீதனம் வேண்டாம் என்று சொன்னதும், உம்மா கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். மாப்பிள்ளையின் உம்மா வட்டிலப்பத்தை இன்னொரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, விழுங்கி, அதன் பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார்.

“காசும் வேணாம், காணியும் வேணாம். எங்கட மகனுக்குச் சின்ன வயசுல ஈந்தே இழுப்பு. பச்சத் தண்ணி தலையில பட்டா அண்டைக்கு முழுக்க மூச்சு வாங்கும். காலையில குளிக்கச் சுடுதண்ணி மட்டும் கெடச்சாப் போதும்.”

வாப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எங்கள் மாத்தளை ஊரே மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கடனாளியாகிக் கிடக்கும்போது, இப்படியும் ஒரு சம்பந்தமா? “சுடுதண்ணிதானே, ஆறா ஓடும்!” என்று சபையில் வாக்குக் கொடுத்துவிட்டார்.

எங்கள் ஆட்களில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆண்பிள்ளை இல்லாத வாப்பா, டவுனிலிருந்த தன் கிராம்பு, மிளகு, ஏலக்காய்க் கடையில் மருமகனை உட்கார வைக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். எனக்கு வேறு கணக்கு. அப்போது எனக்கு எட்டு வயது. ராத்தாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு படுத்தால்தான் தூக்கம் வரும். இனிமேல் ராத்தாவின் கட்டில் எனக்கில்லை என்றாலும் ராத்தா இந்த வீட்டில்தானே இருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவள் இங்கேயே இருப்பாள் என்றால், மச்சான் சுடுதண்ணீரில் என்ன, சுடுபாலில் குளிக்கட்டுமே!

கடையில் விற்கிற கரண்ட் ஹீட்டர் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். வாப்பா சம்மதித்தால்தானே? “தண்ணியும் கரண்டும் ஒண்டா ஈக்கிற எடத்துல என்ட மருமகன நிப்பாட்டவா?” என்று கேட்டு எல்லோருடைய வாயையும் அடைத்துவிட்டார். மலையில் ஒரு பழைய தோட்டத்து பங்களாவை உடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கிருந்து ஆளுயரச் செம்பு பொய்லர் ஒன்றை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அது இறங்கியபோது எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில் இருந்த எல்லோரும் வாசலில் நின்றார்கள். அடியில் விறகு எரிக்கும் அடுப்பு, தலையில் புகைபோக்கி. வயிற்றிலிருந்து ஒரு பைப் சுவரைத் துளைத்துக்கொண்டு குளியலறைக்குள் போகும்; வெளியே, பச்சைத் தண்ணீர்ப் பைப் அதனோடு சேர்கிற இடத்தில் ஒரு வால்வு. விறகுக்குப் பஞ்சமில்லை. இலவங்கப் பட்டை உரித்த கறுவாக் கம்புகள் வாப்பாவின் கிட்டங்கியில் மலையாகக் கிடந்தன. விடியற்காலையில் எங்கள் வீட்டுப் புகை வந்தால், பிரியாணி சமைக்கிறார்களோ என்று அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்ப்பார்கள்.

கல்யாணம் முடிந்து மச்சான் வந்தார். முதல் கொஞ்ச நாட்கள் பொய்லர் சொன்ன சொல் கேட்டது. அவித்த இறால் நிறத்தில் மச்சான் குளியலறையிலிருந்து வெளியே வருவார். வாப்பா தாடியைத் தடவிக்கொள்வார். மச்சான் குளிக்கிற நேரம் வீட்டில் வேறு குழாய் திறக்கக் கூடாது, பாத்திரம் உருளக் கூடாது, யாரும் சத்தமாகத் தும்மவும் கூடாது.

மாமியார் மருமகன் முன்னால் வந்து பேசுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. குளியல் விஷயத்தை மாமனார் விசாரிப்பதும் மரியாதையில்லை. எனவே தூது போகிற உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. குளியலறைக் கதவில் வாயை வைத்து, “மச்சான், தண்ணி சூடு காணுமாண்டு உம்மா கேக்கிறாங்க” என்று கத்துவேன். “காணும் தங்கச்சி” என்று பதில் வரும். போதும் என்ற அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு உம்மா சமைக்கும் குசினிக்கு ஓடுவேன். இந்தத் தூது குளியலறையோடு நின்றதா? மச்சானும் ராத்தாவும் மொட்டைமாடிக்குப் போனால் பின்னாலேயே தேநீரோடு நான் போவேன். அறைக் கதவைச் சாத்தினால், இன்னொரு தலையணை வேணுமா என்று கேட்க நான் தட்டுவேன். இரண்டு பேரும் கடைத்தெருவுக்குக் கிளம்பினால், துணைக்கு என்று என்னையும் த்ரீவீலில் நடுவில் உட்கார வைத்து அனுப்புவார்கள். அவர்களைத் தனியாக விடவே இல்லை நாங்கள். அவ்வளவு கவனிப்பு!

பிறகு ஒருநாள் காலை, குளியலறைக்குள்ளிருந்து “ஆ!” என்று ஓர் அலறல். உம்மாவின் கையிலிருந்த ரொட்டி கல்லுக்கு வெளியே விழுந்தது. மச்சான் தலை நிறையச் சவர்க்கார நுரையோடு, துவாயைச் சுற்றிக்கொண்டு நடுங்கி நின்றார். வாப்பா உள்ளே பாய்ந்து குழாயைத் திறந்து கைவைத்தார். ஐஸ் தண்ணீர்! வெளியே பொய்லரோ கொதித்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாளும் அப்படியே. பைப் வேலை செய்கிற பாஸை வாப்பா கூட்டிவந்தார். அவர் பொய்லரைத் தட்டி, குடைந்து, கழற்றி மாட்டிவிட்டு, ஒரு பிழையும் இல்லை என்று சிங்களத்தில் சத்தியம் செய்தார். அவர் நின்ற நேரம் சுடுதண்ணீர் ஒழுங்காகத்தான் கொட்டியது. மறுநாள் காலையில் மறுபடியும் “ஆ!” என்று கேட்டது. பக்கத்து வீட்டு மாமி பொய்லரைப் பார்த்து “மாஷா அல்லாஹ்” சொல்லாமல் போனதில் கண்ணூறு பட்டதுதான் காரணம் என்று உம்மா கண்டுபிடித்தார். செத்தல் மிளகாயைப் பொய்லரைச் சுற்றி அதன் அடுப்பிலேயே போட்டார். வீடு முழுக்க இருமியது. இழுப்பு இருக்கிற மச்சான் மட்டும் இருமவில்லை. அதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

கண்டியிலிருந்து மாப்பிள்ளையின் உம்மா தினமும் போன் எடுத்துச் சுடுதண்ணீரைப் பற்றி விசாரித்தார். வாப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. மருமகன் கோபித்துக்கொண்டு மகளைக் கூட்டிப்போய்விட்டால் ஒழுங்கையில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? ராத்தா போய்விடுவாள் என்ற பேச்சு காதில் விழுந்ததும் நான் அழுதேன். “அழாதீங்க மகள், விடியக்காலையில பொய்லருக்குப் பக்கத்துல ஒக்காந்து பாருங்க. என்ன நடக்குதுண்டு எனக்கிட்ட வந்து செல்லுங்க” என்றார் வாப்பா. ராத்தாவைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் வந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு கறுவாக் கம்புக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

மச்சான் உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. குசினிப் பின்கதவு திறந்தது. ராத்தா! பூனை மாதிரி வந்து வால்வைத் திருகினாள். உள்ளே “ஆ!” என்று சத்தம் வந்ததும், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அப்போதுதான் என்னைக் கண்டாள்.

வால்விலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தாள். பிறகு என் பக்கத்தில் குந்திக்கொண்டு, “தண்ணி சூடு கூடிட்டு, மச்சானுக்குச் சுட்டுரும். அதுதான் நான் கொறச்சுவிட்டேன். வாப்பாக்கிட்ட செல்லாதீங்க, வாங்கின பொய்லர் பிழையாண்டு மனசு நொந்துருவார்” என்றாள்.

எவ்வளவு நல்ல ராத்தா! வாப்பாவின் மனம் நோகக்கூடாது என்று அந்தக் குளிரில் எழும்பி வருகிறாளே! நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒருநாள் ராத்தா வால்வில் கைவைப்பதற்கு முன்பே மச்சான் உள்ளே அலறிவிட்டார். ராத்தா தலையில் அடித்துக்கொண்டாள். வாப்பா ஓடிப்போய்க் குழாயில் கையை நீட்டி, சுட்டுக்கொண்டு, “அல்லாஹ்வே!” என்று உதறினார். “இப்பதான் சூடு வந்திச்சு மாமா” என்றாராம் மச்சான். கண் மூடித் திறப்பதற்குள் சூடு வந்துவிட்டது என்றால் பொய்லருக்கு ஜின் பிடித்திருக்கிறதோ என்று உம்மா பயந்துபோனார்.

கடைசியில் மச்சானே மிகவும் பணிவாக ஒரு யோசனை சொன்னார். பலாபத்வலையில் சின்னதாக ஒரு வீடு வாடகைக்கு இருக்கிறது; அதில் நல்ல ஹீட்டர் பூட்டியிருக்கிறது; அங்கிருந்து கடைக்கு பஸ்ஸில் வந்துபோகலாம். வாப்பாவால் என்ன சொல்ல முடியும்? வாக்குக் கொடுத்த தண்ணீரைக் கொடுக்க முடியாத மனிதர் அல்லவா அவர்? “மருமகன்ட ஒடம்புதானே முக்கியம்” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். சாமான் ஏற்றிய அன்று ராத்தா என்னைக் கட்டிப்பிடித்து உண்மையாகவே அழுதாள். நான் பொய்லரை எட்டி உதைத்து, காலில் நோவு எடுத்து, அதற்கும் சேர்த்து அழுதேன். அன்றிரவு பக்கத்தில் தலையணையை வைத்துக்கொண்டு படுத்தேன். தூக்கம் வரவில்லை.

பள்ளி விடுமுறையில் என்னைப் பலாபத்வலைக்கு அனுப்பினார்கள். இரண்டு சின்ன அறைகள், பின்னால் ஒரு கிணறு. விடியற்காலையில் சத்தம் கேட்டு எழுந்து பின்வாசலுக்குப் போனேன். பனி கொட்டிக்கொண்டிருக்க, மச்சான் கிணற்றடியில் குந்தியிருந்தார். ராத்தா வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளி அவர் தலையில் ஊற்றினாள். அவர் தொண்டை கிழியப் பாடினார். ராத்தா சிரித்த சிரிப்பை எங்கள் வீட்டில் நான் கேட்டதே இல்லை. குளியலறைக்குள் போய்த் தேடினேன். ஹீட்டர் இருந்த அடையாளமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக வாப்பாவிடம் ஒப்பித்தேன். “அங்க ஹீட்டரே இல்ல வாப்பா! பாவம் மச்சான், கிணத்துல பச்சத் தண்ணியிலதான் குளிக்கிறார். குளிர் தெரியாம ஈக்கச் சத்தமாப் பாட்டுப் படிக்கிறார்.”

வாப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இழுப்பு வரல்லயா?”

“இல்ல. நல்லாப் படிக்கிறார். ராத்தாதான் அள்ளி ஊத்துறாங்க, சிரிச்சுச் சிரிச்சு.”

உம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குசினிக்குள் போனார். தோள் குலுங்கியது. அழுகிறாராக்கும் என்று எனக்கும் அழுகை வந்தது. “எங்கட பொய்லர அங்க அனுப்பிருவோமா வாப்பா?” என்று கேட்டேன்.

“வேணாம் மகள்” என்றார். “அவங்களுக்கு அது தேவப்படாது.”

எழுந்து பின்பக்கம் போனார். நெருப்பில்லாத பொய்லருக்கு முன்னால் நின்று, வால்வைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார், மறுபடியும் திறந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. பாவம் வாப்பா, கோளாறு எங்கே என்று இன்னும் தேடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.